கோல்ட் எயார் இன்டேக் பூட்டுவது: கச்சான் காற்றுக்கும் மாரி வெள்ளத்துக்கும் நடுவில்

பொனட்டைத் திறந்தால் பளபளக்கும் அலுமினியப் பைப், அதன் நுனியில் சிவப்புக் கூம்பு பில்டர். இதைப் பார்த்தவுடன் கோல்ட் எயார் இன்டேக், அதாவது என்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொண்டுவரும் அமைப்பு, என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயருக்குத் தகுதி தருவது பைப்பும் இல்லை, பில்டரின் நிறமும் இல்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்பது மட்டும்தான். றேடியேற்றருக்குப் பின்னால், எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டின் அனல் அடிக்கிற இடத்தில் திறந்தபடி நிற்கும் கூம்பு பில்டர் சுடுகாற்றைத்தான் என்ஜினுக்கு ஊட்டும். அப்படிப் பூட்டுவதென்றால் கம்பனி போட்ட எயார் பில்டர் பெட்டியை அப்படியே விட்டுவிடுவது நல்லது. சத்தம் கூடும், சத்தம் கூடியதால் வேகமும் கூடியதுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லவேண்டும். இப்போது இலங்கையின் கிழக்கில் நம் வீதிகளில் ஓடும் பெரும்பாலான ஜப்பான் கார்களின் ஒரிஜினல் பெட்டியே குளிர்காற்றைத்தான் எடுக்கிறது. அதன் மூக்கு கிறிலுக்குப் பின்னால், றேடியேற்றரின் மேல் சட்டத்துக்குப் பக்கத்தில் முன்னோக்கித் திறந்திருக்கும். அதைவிடக் குறைந்த வெப்பத்தில் காற்றைக் கொண்டுவந்தால் மட்டுமே மாற்றியதில் அர்த்தம் இருக்கிறது.

கணக்கு எளிமையானது. கடல்மட்டத்தில் 30 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.16 கிலோ. அதுவே 60 பாகையில் 1.06 கிலோதான். அதாவது 9 சதவீதம் குறைவு. பத்துப் பாகைக்கு சுமார் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றின் நிறை குறைந்தால் என்ஜின் எரிக்கக்கூடிய பெற்றோலும் அதே அளவில் குறையும், வலுவும் குறையும். தென்மேற்கிலிருந்து வரண்ட கச்சான் காற்று அடிக்கும் மே தொடக்கம் ஓகஸ்ட் வரையான மாதங்களில் வெளிக்காற்றே கொதிக்கிறது. அந்த நேரத்தில் பொனட்டுக்குள் இருக்கும் காற்றை இழுப்பதற்கும், வெளிக்காற்றை நேராக இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்ஜினுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் அது அக்சிலேற்றரை அடிமட்டும் மிதிக்கும்போதுதான் தெரியும். நகரத்துக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை. ஏ4 வீதியில் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு அந்த வேகத்தில் வரும்போது அக்சிலேற்றரோடு திறந்து மூடும் த்ரொட்டில் தகடு கொஞ்சமாகத்தான் திறந்திருக்கும். காற்றைத் தடுப்பது அங்கே பில்டர் இல்லை, அந்தத் தகடுதான். குளிர்ந்த காற்று கிடைத்தால் அதே வேகத்துக்குக் காலை இன்னும் கொஞ்சம் எடுப்பீர்கள், அவ்வளவுதான். ஆகவே பெற்றோல் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 109 குதிரைவலு உள்ள, டொயோட்டாவின் 1என்இசட்-எஃப்ஈ போன்ற 1.5 லீற்றர் என்ஜினில், டியூனிங் இல்லாமல், மேல் ஆர்பிஎம்மில் மூன்று நான்கு குதிரைவலு கூடினால் அது நல்ல வேலை. ஹைபிரிட் கார்களுக்கும் 660 சிசி என்ஜின்களுக்கும் இந்தச் செலவு தேவையே இல்லை.

இவ்வளவுக்கும் பிறகும் செய்யவேண்டும் என்று இருப்பவர்களுக்குத்தான் மீதி.

பில்டரை எங்கே வைப்பது

மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, பொனட்டுக்குள் திறந்தபடி. அதைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது, பைப்பைக் கீழே இறக்கி, பம்பருக்குள்ளோ முன் மட்கார்டின் உட்புறத்திலோ பில்டரை வைப்பது. கடையில் பெட்டியோடு விற்கும் "அசல்" கோல்ட் எயார் கிட்களில் பல இப்படித்தான் வருகின்றன. வெப்பத்தைப் பொறுத்தவரை இதுதான் சிறந்த இடம். ஆனால் நம் பக்கத்துக்கு இதைவிட ஆபத்தான இடம் வேறில்லை.

நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நீரைக் கடக்கும் தாழ்வான வீதியான கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். மாவடிப்பள்ளித் தாம்போதியும் அப்படியே. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குள் போகும் பல வீதிகள் எல்லாம் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும். பம்பருக்குள் இருக்கும் பில்டர் தரையிலிருந்து ஒரு முழங்கால் உயரத்தில்கூட இருக்காது. கார் தண்ணீருக்குள் முன்னேறும்போது பம்பருக்கு முன்னால் தண்ணீர் அலையாக எழும்பும்; நிற்கும் தண்ணீரின் மட்டத்தைவிட அந்த அலை உயரம். எதிரே ஒரு பஸ் வந்தால் இன்னும் உயரம். பில்டர் அமிழ்ந்தவுடன் என்ஜின் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை இழுக்கும். பில்டரின் பஞ்சு தண்ணீரைத் தடுக்காது.

எவ்வளவு தண்ணீர் போதும்? 1என்இசட்-எஃப்ஈ என்ஜினின் கொள்ளளவு 1497 சிசி, நான்கு சிலிண்டர். ஆக ஒரு சிலிண்டருக்கு 374 சிசி. கொம்ப்ரஷன் 10.5:1. பிஸ்டன் மேலே வந்து முடியும்போது மிஞ்சும் இடம் 40 மில்லிலீற்றருக்குக் கிட்ட. அரைக் கப் பிளேன்ரீ அளவுகூட இல்லை. அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பினால், தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வரமுடியாது, கனெக்டிங் றொட் வளையும். என்ஜின் 800 ஆர்பிஎம்மில் ஓடும்போது நடந்தால் நின்றுபோவதோடு தப்பலாம். 3000த்தில் நடந்தால் புளொக்கையும் உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

இதற்கென்று பைபாஸ் வால்வு ஒன்று விற்கிறார்கள். பைப்பின் நடுவில், பில்டரைவிட உயரமான இடத்தில் பூட்டுவது. பில்டர் முழுதாக அமிழ்ந்து உறிஞ்சல் கூடும்போது வால்வின் ஓட்டை திறந்து பொனட்டுக்குள் இருக்கும் காற்றை எடுக்கும். டேர்போ கார்களுக்கு இது ஒத்துவராது. மற்றக் கார்களிலும் இது கடைசிப் பாதுகாப்புதான், தாம்போதியில் இறங்குவதற்கான அனுமதி இல்லை.

ஆகவே மூன்றாவது இடம்: ஹெட்லைட்டுக்குப் பின்னால், கம்பனி பெட்டி இருந்த அதே உயரத்தில், நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் பில்டர், அந்தப் பெட்டிக்கு கிறிலுக்குப் பின்னாலிருந்து ஒரு குழாய் வழியாக வெளிக்காற்று. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஓடும் காருக்கு இதைத் தவிர வேறு எதையும் சிபாரிசு செய்யமாட்டேன். அதற்கு முந்திய படி ஒன்றும் உண்டு: கம்பனி பெட்டியையே வைத்துக்கொண்டு, உள்ளே தட்டைப் பில்டரை மட்டும் நல்லதாக மாற்றி, மூக்குக் குழாயை ஒழுங்காக முன்னுக்கு நீட்டுவது. செலவு கொஞ்சம். பலன் பெரிய கிட்டுக்குப் பக்கத்தில் வரும். காட்டுவதற்கு மட்டும் ஒன்றும் இருக்காது.

வாங்கும் முன் அளப்பது

முதல் அளவு த்ரொட்டில் பொடியின் வாய், வெளிவிட்டம். வேர்னியரால் அளக்கவும், கண்ணால் மட்டிடவேண்டாம். இரண்டாவது, என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் எயார்ஃப்ளோ சென்சர் குத்தியிருக்கும் குழாயின் உள்விட்டம். இந்த இரண்டாவது அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், காரணம் கீழே.

பைப் பெரிதாக இருந்தால் காற்று கூடும் என்று 76 மில்லிமீற்றர் பைப்பை வாங்குவோர் உண்டு. 1.5 லீற்றர் என்ஜின் 6000 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடத்துக்கு இழுப்பது ஏறத்தாழ 3800 லீற்றர் காற்று, செக்கனுக்கு 64 லீற்றர். உள்விட்டம் 63 மில்லிமீற்றர் உள்ள பைப்பில் அந்தக் காற்று செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் போகும். இது நெரிசலே இல்லை. பைப்பை அகலமாக்கி ஒன்றும் கிடைக்காது.

பொருள் பற்றி: அலுமினியம் 1.5 தொடக்கம் 2 மில்லிமீற்றர் தடிப்பு, இரு நுனியிலும் வளையமாகப் புடைத்த விளிம்போடு. அந்தப் புடைப்பு இல்லாத பைப்பில் ஹோஸ் மெல்ல மெல்ல வழுக்கிக் கழரும். இரும்புப் பைப் வேண்டாம். காத்தான்குடி, கல்லாறு, பாண்டிருப்புப் பக்கம் கடலோரத்தில் நிற்கும் காரில் உப்புக் காற்று அதை உள்ளிருந்தே அரிக்கும், அந்தத் துரு நேராக என்ஜினுக்குள் போகும். கிளிப்புகளும் ஸ்டெயின்லஸ் ஸ்டீலாக இருக்கவேண்டும்.

தண்ணீர்க் குழாய்க்கான பிவிசி பைப்பை வளைத்துப் பூட்டுவதையும் காணலாம். கிறிலிலிருந்து பெட்டி வரைக்கும் உள்ள குளிர்ந்த பக்கத்துக்கு 63 அல்லது 75 மில்லிமீற்றர் பிவிசி நன்றாகவே உதவும், மலிவு, துருப்பிடிக்காது. பெட்டியிலிருந்து த்ரொட்டில் வரைக்கும் அதைப் போடக்கூடாது. பிவிசி 75, 80 பாகையில் இளகத் தொடங்கும். சூடான என்ஜினுக்கு மேலே அது தொய்ந்து, கிளிப்பின் கீழ் நெளிந்து, காற்றுக் கசியும்.

சிலிக்கோன் ஹோஸ் துண்டுகள் பைப்பின் வெளிவிட்டத்துக்குச் சரியாக இருக்கவேண்டும். பைப்பும் த்ரொட்டிலும் வெவ்வேறு அளவென்றால் ஒரு பக்கம் சிறுத்த ஹோஸ் கிடைக்கும்; பெரிய ஹோஸைக் கிளிப்பால் நெரித்துச் சமாளிக்கவேண்டாம், மடிப்பு விழும் இடத்தில் கசியும். த்ரொட்டில் பக்கத்துக்கு நடுவில் புடைப்பு உள்ள ஹோஸை வாங்குங்கள். என்ஜின் தன் மவுண்டில் ஆடும், பெட்டி காரின் பொடியோடு அசையாமல் நிற்கும். அந்த ஆட்டத்தை வாங்க ஒரு இளக்கமான இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பிராக்கெட் வெடிக்கும், அல்லது த்ரொட்டில் வாயில் ஹோஸ் கழன்றிருக்கும்.

கழற்றிப் பூட்டுதல்

10, 12 மில்லிமீற்றர் சொக்கற், நீட்டிப்புக் கம்பி, நட்சத்திர ஸ்குரூட்ரைவர், பிளையர், துணி, மாஸ்கிங் டேப். இவ்வளவு போதும். என்ஜின் ஆறியிருக்கவேண்டும். இக்னிஷன் ஓஃப், பற்றரியின் கறுப்பு முனையைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். அலுமினியப் பைப் கையில் இருக்கும்போது பற்றரியின் சிவப்பு முனையில் பட்டால் என்ன ஆகும் என்று பரிசோதிக்கத் தேவையில்லை. ரேடியோவுக்குக் கோட் இருந்தால் முதலில் எழுதிவைக்கவும்.

கழற்றும் முன் ஒரு வேலை: காரின் கோளாறு பார்க்கும் ஓபிடி சொக்கற்றில் ஈஎல்எம்327 போன்ற மலிவான கருவியை மாட்டி, போனில் மூன்று எண்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் காற்றின் வெப்பம், லோங் டேர்ம் ஃபியுவல் ட்ரிம் (கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்), ஐடிலில் (அக்சிலேற்றரை மிதிக்காமல் ஓடும்போது) எயார்ஃப்ளோ காட்டும் கிராம் அளவு. ஓடும்போது ஒரு தடவை, சூடான என்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது ஒரு தடவை. இந்த எண்கள் கையில் இல்லாமல் பூட்டியபிறகு "நல்லா இழுக்குது" என்று சொல்வதில் பொருளில்லை.

பிறகு எயார்ஃப்ளோ சென்சரின் பிளக்கைக் கழற்றவும். டொயோட்டாவில் அது ஐந்து வயர் பிளக். பூட்டை அமுக்கிப் பிளக்கைப் பிடித்து இழுக்கவேண்டும், வயரைப் பிடித்து அல்ல. வால்வ் கவரிலிருந்து இன்டேக் ஹோஸுக்கு வரும் மெல்லிய பிரீதர் ஹோஸைக் கழற்றுங்கள். த்ரொட்டில் பக்கக் கிளிப்பைத் தளர்த்தி, பெட்டியின் 10 மில்லிமீற்றர் போல்ட்டுகளை எடுத்தால் எல்லாம் ஒன்றாக மேலே வரும். த்ரொட்டில் வாயை உடனே டேப்பால் மூடுங்கள். அதற்குள் ஒரு சின்ன நட் விழுந்தால் அன்றைய வேலை வேறாகிவிடும். கழற்றிய பெட்டியின் பக்கத்தில் தனியாக ஒரு குடுவை ஒட்டியிருந்தால் அது ரெசனேற்றர், இன்டேக் சத்தத்தை அடக்குவதற்கு வைத்தது. அதை எடுப்பதால் வலு கூடாது, இரைச்சல்தான் கூடும்; சில கார்களில் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கொஞ்சம் மந்தமாகும்.

சென்சரைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அதன் நடுவில் இருக்கும் மெல்லிய கம்பியைத் தொடக்கூடாது, ஊதக்கூடாது. புதிய பைப்பில் குத்தும்போது ஓ-ரிங் இருக்கிறதா, காற்றோட்டத் திசை சரியா என்று பாருங்கள். ஸ்குரூவைக் கையால் இறுக்கி அதற்குமேல் கொஞ்சம் போதும். பிளாஸ்டிக் புரி கிழிந்தால் திருத்தமுடியாது.

பைப்புகளை முதலில் தளர்வாகப் பூட்டி எல்லாத் துண்டுகளும் உட்கார்ந்தபிறகே இறுக்கவேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஹோஸ் பைப்புக்கு மேல் 25 தொடக்கம் 30 மில்லிமீற்றர் ஏறியிருக்கவேண்டும். பெல்ட், ஃபேன், பற்றரிச் சிவப்பு முனை, பிரேக் பைப் எல்லாவற்றிலிருந்தும் இரண்டு சென்ரிமீற்றராவது தள்ளியிருக்கவேண்டும். பொனட் முட்டுகிறதா என்று அறிய, பைப்பின் உச்சியில் பிள்ளைகள் விளையாடும் களிமண் உருண்டை ஒன்றை வைத்து பொனட்டை மெதுவாக மூடித் திறவுங்கள். நசுங்கிய தடிப்புத்தான் உங்களுக்கு இருக்கும் இடைவெளி. 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மறுபடி வளைக்கவேண்டும்.

பெட்டிக்கு 1.5 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு போதும். சாய்ந்தமருதிலோ மட்டக்களப்பிலோ தகட்டு வேலை செய்யும் எந்தக் கடையிலும் மட்டை வெட்டிக் காட்டினால் மடித்துத் தருவார்கள். மேல் விளிம்பில் கார்க் கதவுக்குப் போடும் இரப்பர் பீடிங்கை ஏற்றி, பொனட் மூடும்போது அது பொனட்டில் அழுந்தும்படி உயரத்தை வையுங்கள். கீழே இரண்டு சிறிய ஓட்டைகள், மழைநீர் வடிவதற்கு. என்ஜின் பக்கச் சுவரில் ஓட்டையே இருக்கக்கூடாது, பைப் நுழையும் இடம்கூட இரப்பரால் அடைபடவேண்டும். இந்தப் பெட்டியைச் செய்யாமல் மேலே சொன்னதெல்லாம் செய்தால் திரும்பவும் சுடுகாற்றுத்தான்.

சென்சரும் பிரீதரும்: தவறு நடக்கும் இரண்டு இடங்கள்

எயார்ஃப்ளோ சென்சர் முழுக் காற்றையும் அளப்பதில்லை. குழாயின் நடுவில் போகும் சிறு ஓட்டத்தின் வேகத்தை அளந்து, குழாய் இவ்வளவு அகலம் என்ற கம்பனிக் கணக்கை வைத்து மொத்தத்தை ஊகிக்கிறது. 63 மில்லிமீற்றர் குழாயிலிருந்த சென்சரை 70 மில்லிமீற்றர் குழாய்க்கு மாற்றினால் பரப்பு 23 சதவீதம் கூடும். அதே காற்று மெதுவாகப் போகும், சென்சர் 19 சதவீதம் குறைத்துச் சொல்லும், கம்பியூட்டர் அந்தப் பொய்யை நம்பிப் பெற்றோலைக் குறைக்கும். ஒக்சிஜன் சென்சர் அதைக் கண்டுபிடித்து ட்ரிம்மைக் கூட்டிக்கொண்டே போகும். பல கார்களில் 25 சதவீதத்தைத் தாண்டும் கட்டத்தில் செக் என்ஜின் லைட் எரியும், கோட் பி0171. லைட் எரியாத அளவுக்குள் இருந்தாலும் முழு அக்சிலேற்றரில் என்ஜின் வரட்சியாக, அதாவது பெற்றோல் போதாமல், எரிந்து தட்டும். 92 ஒக்டேன் பெற்றோலில் கேட்கவே தேவையில்லை. 76 மில்லிமீற்றர் பைப்பென்றால் பரப்பு 45 சதவீதம் கூடுகிறது, அதை எந்த ட்ரிம்மும் சரிசெய்யாது.

ஆகவே சென்சர் நிற்கும் துண்டு கம்பனிக் குழாயின் உள்விட்டத்துக்குச் சமமாகவே இருக்கவேண்டும். உங்கள் மொடலுக்கென்று செய்த அடப்டரை வாங்குங்கள். சென்சருக்கு முன்னாலும் பின்னாலும் 10, 15 சென்ரிமீற்றர் நேரான ஓட்டம் வேண்டும். வளைவு முடியும் இடத்தில் குத்தினால் காற்று ஒரு பக்கம் ஒதுங்கிப் போய், அளவு ஆடிக்கொண்டே இருக்கும், ஐடிலும் ஆடும்.

அல்ட்டோ, வெகன் ஆர் போன்ற சுசுக்கிகளில் பெட்டியில் எயார்ஃப்ளோ இருக்காது. இன்டேக் மெனிஃபோல்டின் அழுத்தத்தை மெப் சென்சர் அளக்கும். அங்கே பைப்பின் விட்டம் கணக்கைக் குழப்பாது. ஆனால் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சர் பைப்பில் குத்தியிருந்தால் அதைப் புதிய பைப்பிலும் குறொமெட் வைத்துக் குத்தவேண்டும். பொனட்டுக்குள் தொங்கவிட்டால் அது அனலை அளந்து, காற்று மெலிது என்று சொல்லி, பெற்றோலையும் டைமிங்கையும் குறைக்கவைக்கும். பிளக்கை மாட்டவே மறந்தால் போனில் -40 பாகை என்று காட்டும், கோட் பி0113.

வயர் எட்டாவிட்டால் முறுக்கி டேப் சுற்றவேண்டாம். நம் கடலோரத்தில் அந்த இணைப்பு ஒரு மாரிக்குள் பச்சைபிடித்துவிடும். அதே தடிப்பு வயரை வைத்து ஈயம் பற்றி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள்.

அடுத்தது பிரீதர். வால்வ் கவரிலிருந்து வரும் அந்த மெல்லிய ஹோஸ், என்ஜினுக்குள் சுத்தமான காற்றை அனுப்பும் வழி. என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வ் வழியாக அந்தக் காற்று திரும்ப இன்டேக் மெனிஃபோல்டுக்குள் போகிறது. அழகுக்காக அந்த ஹோஸை எடுத்துவிட்டு வால்வ் கவரில் கட்டைவிரல் அளவு பில்டர் ஒன்றைக் குத்துகிறார்கள். அந்த வழியாகச் சென்சர் அளக்காத காற்று போகும், ஐடிலில் வரட்சியாகும். அந்தச் சின்னப் பில்டரைத் தாண்டும் தூசி நேராக ஓயிலுக்குள் போகும். முழு மிதியில் ஓயில் புகையும் அதனூடாக வெளியே வந்து கவரை நனைக்கும். புதிய பைப்பில் பிரீதருக்கென்று ஒரு முனை இருக்கவேண்டும், அது சென்சருக்குப் பிறகு, த்ரொட்டிலுக்கு முன் இருக்கவேண்டும். சென்சருக்கு முன்னால் இருந்தால் ஓயில் ஆவி கம்பியில் படியும்.

முதல் ஸ்டார்ட்

பற்றரியைக் கழற்றியதால் த்ரொட்டில் நிலையும் ஐடிலும் கம்பியூட்டருக்கு மறந்திருக்கும். டொயோட்டாவில் இக்னிஷனைப் போட்டு சில செக்கன் விட்டு ஸ்டார்ட் செய்து, அக்சிலேற்றரைத் தொடாமல் என்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டு, பிறகு ஏசியைப் போட்டுச் சிலநிமிடம் விட்டால் பெரும்பாலும் சரி. ஹொண்டாவில் லைட், ஏசி எல்லாம் ஓஃப். 3000 ஆர்பிஎம்மில் பிடித்து றேடியேற்றர் ஃபேன் சுழலும்வரை வைத்து, பின் ஐந்து நிமிடம் ஐடிலில் விடவேண்டும். நிசான் சிலவற்றில் ஐடில் படிப்பிக்க ஸ்கேனர் இருந்தால்தான் நிம்மதி.

கசிவு இருந்தால் ஊஸ் என்ற சத்தம் வரும். ஒரு மெல்லிய இரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு கிளிப்புக்குப் பக்கத்திலும் கொண்டுபோனால் தெரிந்துவிடும். கார்ப் கிளீனரை அடித்துப் பார்ப்பவர்கள் சூடான எக்ஸோஸ்ட்டை நினைவில் வையுங்கள். நூறு நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடியபின் லோங் டேர்ம் ட்ரிம்மைப் பாருங்கள். முன்பு குறித்ததிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள் நின்றால் வேலை சுத்தம். பத்தைத் தாண்டினால் கசிவு, பிரீதர், குழாய் விட்டம் என்ற வரிசையில் தேடுங்கள். வெப்பத்தைப் பொறுத்தவரை, 60 கிலோமீற்றரில் சீராகப் போகும்போது வெளிக்காற்றைவிட பத்துப் பாகைக்கு மேல் காட்டினால் பெட்டி எங்கோ அடைபடவில்லை. நகரத்துக்குள் நின்று நகரும்போது எந்தப் பெட்டியிலும் ஏறத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

இன்னொரு சோதனை பலர் செய்வதில்லை. ஐந்நூறு கிலோமீற்றருக்குப் பிறகு த்ரொட்டில் பக்க ஹோஸைக் கழற்றி, பைப்பின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் நிறம் பட்டால் பில்டரோ அதன் கழுத்துக் கிளிப்போ தூசியை விடுகிறது. அந்தத் தூசி பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும் அரம்.

தூசிக் காலம்

படுவான்கரையின் கிறவல் வீதிகளில் முன்னால் ஒரு ட்ரக்டர் போனால் போதும். பெரும்போக வேளாண்மை வெட்டும் பெப்ரவரி, மார்ச்சிலும், சிறுபோக வெட்டு நடக்கும் நேரத்திலும் அறுவடை இயந்திரம் கிளப்பும் உமித்தூசு வீதிவரை வந்து நிற்கும். உமித்தூசு இலேசானது, பில்டரின் மடிப்புக்குள் பஞ்சுபோல அடைந்துகொள்ளும். அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருதடவை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

எண்ணெய் பூசும் பருத்தி பில்டரா, எண்ணெயில்லாத உலர் பில்டரா என்று கேட்டால் நம் பக்கத்துக்கு உலர் பில்டர்தான். பருத்தி பில்டரைக் கழுவி எண்ணெய் பூசும்போது கை தாராளமாகிவிடும். மிஞ்சிய எண்ணெய் காற்றோடு வந்து எயார்ஃப்ளோ கம்பியில் படியும், அதன்மேல் தூசி ஒட்டும், சென்சர் குறைத்துச் சொல்லத் தொடங்கும். அப்படி ஆனால் எயார்ஃப்ளோவுக்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவி முழுதாக உலரவிடவேண்டும். பிரேக் கிளீனரோ கார்ப் கிளீனரோ கூடாது. பருத்தி பில்டரையே வைத்திருப்பவர்கள் உள்ளிருந்து வெளியே தண்ணீர் போகும்படி கழுவி, நிழலில் தானாக உலரவிட்டு, மடிப்பின் உச்சியில் ஒரு கோடாக எண்ணெய் விட்டு, அது பரவ இருபது நிமிடமாவது பொறுக்கவேண்டும். எந்த பில்டரையும் கொம்ப்ரெசர் காற்றால் அடிக்கக் கொடுக்காதீர்கள். கராஜில் சேர்விஸ் போடும்போது அன்பாக அடித்துத் தருவார்கள். கடதாசியோ பஞ்சோ அந்த வேகத்தில் விரிந்து ஓட்டை விழும், கண்ணுக்குத் தெரியாது, பில்டர் மட்டும் புதிதுபோலத் தெரியும்.

தண்ணீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. காரைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து பில்டரைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் கோயில் பிளக்குகளையும் இன்ஜெக்டர் ஃபியூஸையும் எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சில செக்கன் சுற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் துளையால் வெளியே தெறிக்கும். ஓயில் ஸ்டிக்கில் பால்தேத்தண்ணி நிறம் கண்டால் ஓயிலையும் ஓயில் பில்டரையும் மாற்றாமல் ஓடவிடக்கூடாது. வண்டியில் மாற்றம் செய்திருப்பதை இன்சூரன்ஸுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்திருந்தால், இப்படியான நாளில் ஒரு வாக்குவாதம் குறையும்.

கழற்றிய கம்பனி பெட்டியையும் ஹோஸையும் கிளிப்புகளையும் எறியவேண்டாம். வரிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது எண்கள் சரிவராவிட்டால், அரைமணி நேரத்தில் பழையதைப் பூட்டி, கோளாறு புதிய பைப்பிலா என்ஜினிலா என்று பிரித்துவிடலாம். காரை விற்கும் நாளிலும் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.